இருபத்துமூன்றாம் மிஷினின் மத்தியானக் கோளாறு

மூன்றாவது தையல் லைனில் இருக்கும் இருபத்துமூன்றாம் ஓவர்லாக் மிஷினுக்குத் தினமும் மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு உடம்புக்கு வந்துவிடும். காலை எட்டரையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை அது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சாப்பாடு முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம், கலைமகளின் மடிக்கணினியில் அதன் எண்ணுக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். சாயங்காலம் வரை அணையாது. மறுநாள் காலையில் எதுவும் நடக்காதது போலப் பச்சையாக இருக்கும்.

பதினோரு நாளாக இப்படி.

கலைமகளுக்கு வயது முப்பத்துமூன்று. சொந்த ஊர் அவிநாசிபாளையம். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தகவல் கோட்பாடு படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே வேலையும் பார்த்தாள். மகள் என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால் அவள் அப்பா "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வார். ஒரு விஷயத்தை எவ்வளவு சுருக்கிச் சொல்லலாம், எந்த அளவுக்குமேல் சுருக்கினால் பொருள் கெட்டுப்போகும் என்பதற்கான கணக்குத்தான் அவள் படிப்பு. இத்தனைக்கும் அம்மாவுக்குப் போன் போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அவள் பேசியதில்லை.

மங்கலம் ரோட்டில் செங்கோட்டையனின் பனியன் கம்பெனிக்கு அவள் வந்தது மார்ச் மாதம். நாற்பது தையல் மேசைகளுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் நாற்பது கருவிகளை ஒட்டினாள். அவை மிஷினின் அதிர்வைக் கேட்கும். ஊசி முறிவதற்கு முன்னால், உள்ளே ஏதாவது தளர்ந்துபோவதற்கு முன்னால் எச்சரிக்க வேண்டும் என்பது திட்டம். கருவிக்குள் இருப்பது கைக்கடிகாரத்தின் பேட்டரி. கேட்டதையெல்லாம் அனுப்பினால் அது இரண்டு நாளில் செத்துவிடும். அதனால் அவள் எழுதிய நிரல், முதல் வாரம் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் அந்த மிஷின் ஓடுவதைக் கேட்டுப் பழகிக்கொண்டது. அதன்பிறகு அடுத்த அதிர்வு எப்படி இருக்கும் என்று அதுவே ஊகிக்கும். ஊகித்தபடி நடந்தால் வாயைத் திறக்காது. ஊகம் தப்பினால், தப்பிய அளவை மட்டும் அனுப்பும். தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான் சூத்திரம். நல்ல மிஷினிலிருந்து செய்தி கொஞ்சமாக வரும். செய்தி பெருத்தால் அங்கே ஏதோ மாறிவிட்டது என்று பொருள், விளக்கு சிவக்கும். கணக்கு மார்ச்சிலிருந்தே சேர்ந்துகொண்டிருந்தாலும், இந்த விளக்குகளை அவள் எரியவைத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மடிக்கணினியில் தெரியும் அதே விளக்குகள் செங்கோட்டையனின் செல்போனிலும் தெரிந்தன. அவர் கேட்டார், கொடுத்தாள்.

ஒட்டுவதற்கு முன் டெய்லர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்திருந்தாள். "இந்தக் கருவி மிஷினை மட்டும் கவனிக்கும். யார் தைக்கிறார் என்பது இதற்குத் தெரியாது." அந்த வரியை அவளே எழுதினாள். எழுதும்போது நம்பித்தான் எழுதினாள்.

மெக்கானிக் பிரபாகருக்கு இருபத்துமூன்று ஒரு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முப்பது வருஷமாக மிஷின் காதைத் திருகுகிறவர். முதல் நாள் ஊசியை மாற்றினார். இரண்டாம் நாள் உள்ளே நூலை வாங்கிப் பின்னும் லூப்பரை மாற்றினார். நான்காம் நாள் மோட்டாரையே கழற்றிவிட்டுப் புதிது போட்டார். மத்தியானம் ஒன்று நாற்பதுக்குச் சிவந்தது.

"மேடம், மிஷினுல ஒண்ணுமில்லீங்க. உங்க பொட்டிக்குத்தான் சளி புடிச்சிருக்குது" என்றார்.

கலைமகள் கருவியை மாற்றினாள். சிவந்தது.

ஏழாம் நாள் அவர் இருபத்துமூன்றாம் மேசையிலிருந்து மிஷினையே தூக்கி முப்பத்தொன்றில் வைத்தார். முப்பத்தொன்றை இங்கே கொண்டுவந்து பூட்டினார். முப்பத்தொன்றாம் மேசை நாள் முழுக்கப் பச்சையாக இருந்தது. இருபத்துமூன்று மத்தியானம் சிவந்தது.

பிரபாகர் இரண்டு மேசைக்கும் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். "அப்ப மிஷினுல இல்லீங்க. எடத்துலதான் கோளாறு."

எலெக்ட்ரீஷியன் வந்து கரண்டை அளந்தார். சரியாக இருந்தது. மறுநாள் மேசைக் காலடியில் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று கலைமகள் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் அதிர்வைப் பாதிக்குமா என்று மட்டும் யோசித்தாள். பாதிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப்போட்டு, இருபத்துமூன்றுக்கு எதிரே பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிட்டாள். லைனில் எல்லோரும் தலையில் தொப்பி, முகத்தில் பஞ்சுக்கான மாஸ்க், நீலக் கோட்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி போட்ட விதி அது. கண்கள் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால், அவள் மேசைக்கு அடியில், மிதிகட்டையின் மேலிருக்கும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் தோள்பட்டைத் தையலை மூன்று மிதியில் முடித்தது. டக், டக், டக். அடுத்த பீஸ். டக், டக், டக். விளக்கு பச்சையாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். அதே தொப்பி, அதே மாஸ்க், அதே உயரம். கால் மிதிகட்டைமேல் ஏறியது. தையல் முழுவதையும் ஒரே அழுத்தில், பஸ் டிரைவர் மேடு ஏற்றுவது மாதிரி, நீளமாக இழுத்து முடித்தது.

விளக்கு சிவந்தது.

காலையில் அந்தக் காலின் விரலில் மெட்டி இருந்தது. இப்போது இல்லை. மெட்டி சாப்பாட்டு நேரத்தில் கழன்று விழுந்திருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்பவருக்குரிய நேர்மையோடு அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பாதத்தைப் பார்த்தாள். பாதமே வேறு.

நான்கு மணி டீ நேரத்தில் அந்தக் காலுக்கு உரியவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் டீ கிளாஸ். டீயைக் குடிக்கவில்லை.

"ஏனுங்க மேடம், எங்காலயே பாத்துட்டு இருந்தீங்களே."

"உங்க பேருங்க?"

"ரோஸ்மேரிங்க. கம்பெனி அட்டை எம்பேருலதானுங்க இருக்குது."

"காலையில இருந்தவங்க?"

ரோஸ்மேரி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "மருதாளுங்க. நாங்க குடியிருக்கற மண்ணரையில பக்கத்தூடு. ரெண்டு பேருக்கும் கைக்கொழந்தைங்க. பாத்துக்க ஆளில்லீங்க. அரைநாளு வேலை கேட்டா எந்தக் கம்பெனியிலயும் தரமாட்டீங்கறாங்க. அதுதான், காலையில அவ வருவா, நான் ரெண்டு கொழந்தையும் பாத்துக்குவேன். மத்தியானம் நான் வாரப்ப அவ பாத்துக்குவா. கேட்டுக்கு வெளிய வெச்சு கொழந்தைங்களையும் அட்டையையும் மாத்திக்குவோமுங்க. ஏழு மாசமாச்சு."

"சூப்பர்வைசருக்குத் தெரியுமுங்களா?"

"அவருக்குப் பீஸு வந்தாப் போதுமுங்க."

கலைமகள் மடிக்கணினியைப் பாதி மூடினாள். "பதினோரு நாளா நாங்க உங்களத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருந்திருக்கமுங்க" என்றாள்.

ரோஸ்மேரி சிரிக்கவில்லை. "புது மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தாளுல, யாரு தைக்கறதுன்னு தெரியாதுன்னு போட்டிருந்துச்சுங்களே?" என்று கேட்டாள்.

"போட்டிருந்தேனுங்க."

"படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டேன்" என்றாள் ரோஸ்மேரி. டீயைக் குடிக்காமலே உள்ளே போனாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கலைமகள் அவிநாசிபாளையத்தில் வீட்டுக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தாள். நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக நிரலைப் பழக்கினாள். பிறகு, யாருடையது என்று சொல்லாமல் இருபது விநாடித் தையலை ஒவ்வொன்றிடமும் கொடுத்தாள். எந்த நிரல் அதை மற்றவற்றைவிடச் சிறிதாகச் சுருக்குகிறதோ, அதற்கு அந்த ஆளைத் தெரியும் என்று கொள்ளலாம். நாற்பத்தொன்றில் நாற்பது சரியாக வந்தது. தப்பிய ஒருவர் அந்த வாரம் கட்டைவிரலில் கட்டுப்போட்டிருந்தார்.

அவள் இத்தனை நாளும் மிஷினின் உடம்பை அளப்பதாக நினைத்திருந்தாள். அளந்தது ஆட்களை. யார் எத்தனை முறை எழுந்து போனார்கள், போனவர்கள் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினார்கள், யாருடைய கை எந்தக் கிழமையில் சோர்ந்திருந்தது, எல்லாம் அதில் இருந்தது. ஒருவருடைய தையல் மட்டும் மாதத்தில் நான்கு நாள் மெதுவாகியது. அதைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டாள். அம்மா தோசை கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது.

சென்னையில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னாள். "அருமையான முடிவாயிற்றே! உடனே கட்டுரையாக எழுது" என்றார் அவர்.

திங்கட்கிழமை பத்து மணி டீயின்போது கேன்டீனில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அவள் எல்லோரிடமும் பேசினாள். பேசிப் பழக்கமில்லாததால் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மார்ச் மாசம் உங்ககிட்ட ஒரு தாள் கொடுத்தேனுங்க. கருவிக்கு ஆளத் தெரியாதுன்னு எழுதியிருந்தேன். அது தப்புங்க. தெரியுது. நான் வேணும்னு பொய் சொல்லலீங்க, எனக்கே முந்தாநேத்துத்தான் தெரியும். வேண்டாங்கறவங்க சொன்னாக் கழட்டிடறேன்."

யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. வயதான ஒரு டெய்லர், "சூப்பர்வைசருக்குந்தான் ஆளத் தெரியும். அவரக் கழட்ட முடியுங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண், "பாத்ரூமு போனா எவ்வளவு நேரமுன்னு அதுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியுமுங்க."

சிரிப்பு நின்றது. இந்தியில் ஒருவர் இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது. டீ நேரம் முடிவதற்குள் முப்பத்தாறு பேர் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கணக்கை ஒப்படைத்ததும் கழற்றிவிடுவதாக அவள் சொன்னாள்.

பதினொரு மணிக்குச் செங்கோட்டையனின் அறைக்குப் போனாள். அறுபதை நெருங்கும் மனிதர். தொழிலாளிகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். நடந்ததைச் சொன்னாள். இருபத்துமூன்றைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "அட, அது நல்லதுதானுங்களே அம்மணி! ஆளு யாருன்னு பொட்டியே சொல்லிருச்சுன்னா எனக்குக் கேட்டுல இருக்கற அட்டை மிஷினே வேண்டாமே."

"அதுக்கு வெக்கலீங்களே. மிஷின் நெலமைக்குத்தானுங்க வெச்சது. அக்ரிமெண்டுலயும் அப்படித்தான் இருக்குது."

"அக்ரிமெண்டுல, எடுத்த கணக்கு கம்பெனிக்குக் கொடுக்கோணும்னும் இருக்குதுங்களே."

"இருக்குதுங்க. மிஷின் நெலமை பத்தின கணக்கு."

"செரீங்க. அதக் கொடுத்துருங்க. புதங்கிழமைக்குள்ள."

இரண்டு நாள் அவள் தான் படித்த படிப்பு முழுவதையும் அந்தக் கணக்கின்மேல் இறக்கினாள். மிஷின் நல்லதா கெட்டதா என்பதற்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்தாள். நேரத்தைக் கழித்தாள். வேகத்தைக் கழித்தாள். கடைசியில் ஒரு மிஷினுக்கு ஒரு நாளைக்கு ஒரு குறி மிஞ்சியது: சரி, அல்லது எண்ணெய் விட வேண்டும். ஊசி முறிவதைக் கண்டுபிடிக்கும் திறமை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்துநான்குக்கு இறங்கியது. பரவாயில்லை என்று முடிவுசெய்து, மூலக் கணக்கை அழித்தாள். அழிக்கும்போது மடிக்கணினி மூன்று முறை 'நிச்சயமாகவா' என்று கேட்டது. மூன்று முறையும் ஆமாம் என்றாள்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்குச் செங்கோட்டையனின் மேசைமேல் ஒரே ஒரு தாளை வைத்தாள்.

அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. "மூணு மாசக் கணக்கு இவ்வளவுதானுங்களா?"

"மிஷின் நெலமைக்கு இவ்வளவு போதுங்க. மீதி வெறும் இரைச்சலுங்க. கழிச்சுட்டேன்."

"மிஷினுக்கு வேண்டாததுன்னா ஆளப் பத்துனதுதானுங்களே?"

அவள் தாளை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் கோபப்படவில்லை. செல்போனை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க படிச்சவங்க. நான் எட்டாவதுங்க. ஆனாப் பாருங்க, இந்த இருபத்துமூணு சோறு தின்னுட்டு வந்தாச் செவக்குது. பிரபாகரு மோட்டாரு வரைக்கும் மாத்திட்டாரு. நானும் தெனமும் பாத்துட்டு இருக்கேன். திங்கக்கெழமை நீங்களே வந்து, பொட்டிக்கு ஆளத் தெரியுமுன்னு சொன்னீங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா என்னுங்க வருது?"

தனித்தனியாக ஒன்றும் சொல்லாத இரண்டு செய்திகள் சேர்ந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதைக் கலைமகள் இரண்டு வருஷம் மாணவர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறாள். தேர்விலும் கேட்டிருக்கிறாள்.

ஒன்றரை மணிக்கு அவர் தானே லைனுக்குப் போய் இருபத்துமூன்றின் பக்கத்தில் நின்றார். கலைமகள் பின்னாலேயே போனாள். ரோஸ்மேரி வந்து உட்கார்ந்தாள். அவர் பத்து நிமிஷம் மிதிகட்டையைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் மிஷினில் உட்கார்ந்து எழுந்தவர்தான். காலையில் லைனைச் சுற்றியபோது பார்த்த மிதி வேறு என்று தெரிய அவருக்கு மடிக்கணினி தேவைப்படவில்லை.

"கண்ணு, காலையில இருந்தது யாரு?"

ரோஸ்மேரி தையலை நிறுத்தினாள். "மருதாளுங்க சாமி."

"ரெண்டு பேரும் நல்லாத் தைக்கறீங்க" என்றார் அவர். "ஆனா ஒரு அட்டையில ரெண்டு பேரு இருக்கறத வெளிநாட்டுக்காரன் தணிக்கைக்கு வாரப்பப் பாத்தான்னா ஆர்டரே போயிருமுங்க. அட்டையக் கொடுத்துருங்க."

ரோஸ்மேரி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். தைத்துக்கொண்டிருந்த பீஸை முடித்து, நூலைக் கத்தரித்து, அடுக்கில் வைத்துவிட்டு எழுந்தாள். கலைமகளைக் கடந்து போகும்போது பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கலைமகள் நாற்பது கருவிகளையும் கழற்றினாள். பிரபாகர் மேசைக்கு அடியில் படுத்து, பசையைச் சுரண்டிக் கொடுத்தார். செங்கோட்டையன் இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னார். அவள் முடியாது என்று சொன்னாள். அவரிடம் அவள் சொன்ன முதல் 'முடியாது' அதுதான். "கம்பெனி முழுக்க நூறு ஆளு வேண்டிய எடத்துல பதினோரு மிஷினு ஆளில்லாமக் கெடக்குது மேடம்" என்று மேசைக்கு அடியிலிருந்து பிரபாகர் சொன்னார். "இப்பப் பன்னெண்டு."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அதே பிரபாகரைச் செங்கோட்டையன் மண்ணரைக்கு அனுப்பினார். ஆளுக்கு அரைநாள், ஆளுக்கு ஓர் அட்டை, இருவரும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். கப்பல் ஏற வேண்டிய சரக்கு இரண்டு நாள் பின்தங்கியிருந்தது. ஆனால் மருதாளும் ரோஸ்மேரியும் நாலு நாளைக்கு முன்பே மண்ணரையிலேயே வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். அங்கேயும் ஆளுக்கு அரைநாள், ஆளுக்கு ஓர் அட்டைதான். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பிரபாகர் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு கலைமகள் சென்னைக்குக் கிளம்பும் முன் ஒரு மத்தியானம் அங்கே போனாள். வரிசையாக எட்டு வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் ரோஸ்மேரி ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்று அவள் மடியில் தூங்கியது.

"வாங்க மேடம்" என்றாள். வராமல் இருந்திருந்தால் நல்லது என்பது போலவும் இல்லை, வந்தது நல்லது என்பது போலவும் இல்லை.

"மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேனுங்க."

ரோஸ்மேரி ஊட்டுவதை நிறுத்தவில்லை. "டீ டைமுல அத்தன பேருக்கும் முன்னால சொன்னீங்க. நல்லதுதானுங்க. ஆனா அதுக்கு மிந்தி எங்ககிட்ட வந்து, இப்படிச் சொல்லப்போறேன், நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே வேலைய விட்டு நின்னிருப்போமுங்க. மொதலாளி பக்கத்துல வந்து நிக்கறப்ப மூணு பீஸ வெட்டிக் கெடுத்துப்போட்டேன். பன்னெண்டு வருசத்துல ஒரு பீஸு வெட்டுனதில்லீங்க நானு."

கலைமகள் வாசல்படியில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு நாளும் எதைக் கழிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

"தோணலீங்க" என்றாள். "தோணியிருக்கோணும்."

"ஆமாங்க" என்றாள் ரோஸ்மேரி. கடைசி வாயை ஊட்டி, குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். உள்ளே எட்டி மணியைப் பார்த்தாள். ஒன்று இருபது. "மருதா வாரதுக்கு இன்னிக்கு நேரமாகுமுங்க. பட்டன் வெக்கற வேலை இருக்குதுன்னா. நான் ஒண்ணரைக்குள்ள போகோணும். புதுக் கம்பெனி, லேட்டானா மொறைப்பாங்க."

"நான் பாத்துக்கறேனுங்க" என்றாள் கலைமகள்.

ரோஸ்மேரி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு தூங்கும் குழந்தையை அவள் மடியில் கிடத்தி, சாப்பிட்ட குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பெரிய வாண்டு ரோட்டுக்கு ஓடுமுங்க. கையப் புடிச்சுக்கங்க. தூங்கறது முழிச்சா மொதல்ல கத்தும், அப்பறம் பழகிக்கும்." செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது. கலைமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தது. மருதாள் வர இருபது நிமிஷம் ஆயிற்று.